சிலந்திக்கு ஒரு சாமி பெயர்

இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. எழுந்து நின்றால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற பயத்தில் அப்படியே கல்தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல். அதுதான் அம்மன். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். பூசாரி இரண்டு செவ்வரளிப் பூக்களைத் தண்ணீரில் நனைத்து, அம்மனின் வலது தோளில் ஒன்றும் இடது தோளில் ஒன்றுமாக ஒட்டி வைத்திருந்தார். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது பூ விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டில் ஒன்று விழும்வரை கேட்க வந்தவர்கள் எழுந்து போகக்கூடாது.

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். பதினொன்று ஆகியும் இரண்டும் அசையவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும். கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியபோதும் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கல்யாண வீடுகளில் தாலி கட்டுவதற்குள் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்துவிடுவேன். சென்ற வாரம் ரயில் பயணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கரூர் வாசகி ஒருவர் ‘உங்களோடு ஒரே பெட்டியில் வந்தால் எங்களுக்குத் தூக்கம் போச்சு’ என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் அன்றைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கோயிலுக்குக் கீழே சரிவு முழுவதும் காபி பூத்திருந்தது. காபிப் பூ நாலு நாள் தாங்கினால் அதிகம். அன்று மூன்றாவது நாள். வாசனையிலேயே லேசாக அழுகல் தட்ட ஆரம்பித்திருந்தது. அந்தப் பூக்களுக்குள் எங்கோ எள்ளளவில் ஓர் ஆண் சிலந்தி இருந்தது. எனக்கு அது வேண்டும். அதன் இனத்துக்கு இந்த அம்மனின் பெயரை வைக்க வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

பூவில் செத்த தேனீ

கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ச் சொல்ல வேண்டும்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதிது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வாரம் இரண்டு நாள் நாமக்கல்லில் பஸ் ஏறிக் கொல்லிமலைக்குப் போய்விடுவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், செம்மேட்டில் இறங்கி, கால் போன பக்கம் நடந்து, சிலந்தி பார்ப்பேன். என் படிப்பு சிலந்திகளைப் பற்றியது. பிறர் கண்டுபிடித்த சிலந்திகளைச் சரிபார்த்துக் கொடுத்தே என் காலம் கழிந்தது. நானே கண்டுபிடித்துப் பெயர் வைத்தது என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குறை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்படி ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் பாப்பாத்தி. வாழவந்தி நாட்டுக்காரி. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாக இரண்டு ஏக்கர் காபி, மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, கீழ் வயலில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. நான் பூச்சி பார்க்கிறவள் என்று தெரிந்ததும் ஒரு சந்தேகம் கேட்டாள். காபி பூக்கிற நாட்களில் தேனீக்கள் பூவிலேயே செத்துக் கிடக்கின்றனவாம். மருந்து எதுவும் அடிப்பதில்லையாம். ஏன் என்று கேட்டாள்.

அன்றைக்கே அவளோடு இறங்கி அவள் தோட்டத்துக்குப் போனேன். செத்த தேனீ ஒன்றைக் காட்டினாள். தேனீயைத் திருப்பினேன். அதன் கழுத்தைக் கடித்தபடி, பூவின் நிறத்திலேயே, வெள்ளை வெளேரென்று ஒரு நண்டுச் சிலந்தி.

நண்டுச் சிலந்தி வலை கட்டாது. முன்கால்கள் நான்கையும் விரித்துப் பூவோடு பூவாக உட்கார்ந்திருக்கும். வண்டோ தேனீயோ தானாக வந்து உட்காரும். அவ்வளவுதான். நான் ஊருக்கு வந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இருக்கிற பட்டியல்கள் எதிலும் அது இல்லை. அன்று நான் வீட்டுக்குள் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும்.

ஆனால் பெண் சிலந்தியை மட்டும் வைத்துக்கொண்டு புதிய இனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆணும் வேண்டும். ஆண் எள்ளளவுதான் இருக்கும், பூக்கிற நாட்களில் மட்டும்தான் கண்ணில் படும். காபியைப் பூக்க வைக்கும் கோடை மழையைப் பூ மழை என்பார்கள்; அடுத்த பூ மழைக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். இதற்கிடையில் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்து, வடக்கே ஒரு குழுவுக்கும் வேறு மலையிலிருந்து அதே மாதிரி சிலந்தி கிடைத்திருக்கிறது, கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். எங்கள் துறையில் சட்டம் ஒன்றுதான். யார் முதலில் அச்சிடுகிறார்களோ அவர்கள் வைத்ததே பெயர். பிறகு வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மிளகுக் கொடியில் ட்ராய் இளவரசன்

பெயர் என்றதும் என்ன பெயர் என்று நான் யோசிக்கவே இல்லை. பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். கொல்லிப்பாவை.

இந்த மலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அவளைத் தெரிந்திருக்கும். அழகான பாவை. அசையாமல் நிற்பாள். கெட்டது நினைத்து மலையேறி வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிப்பில் மயங்கிப் பக்கத்தில் போனவன் திரும்ப மாட்டான். பூவில் அசையாமல் உட்கார்ந்து தேனீயை வரவழைத்துக் கொல்கிற சிலந்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உலகத்தில் உண்டா?

இன்னொரு காரணமும் இருந்தது. அது வெறும் எரிச்சல்.

பாப்பாத்தியின் மிளகுக் கொடிகளுக்கிடையே கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு வண்ணத்துப்பூச்சி பறக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் அறிவியல் பெயரில் இருப்பவன் ஹெக்டர், ட்ராய் நகரத்து இளவரசன். இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் ஐரோப்பாவில் பெயர் வைக்க உட்கார்ந்தவர், பெரிய வண்ணத்துப்பூச்சிகளை ட்ராய்க்காரர்கள், கிரேக்கர்கள் என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் போட்டுவிட்டார். அந்தச் சண்டைக்கும் நம் மிளகுக் கொடிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. முறம் அகலத்துக்கு இறக்கை விரிக்கும் பெரிய அந்துப்பூச்சியின் பெயர் அட்லஸ், வானத்தைத் தோளில் சுமந்த பூதம். சிலந்தி இனம் மொத்தத்துக்கும் கிரேக்க மொழியில் உள்ள சொல்லே ஒரு பெண்ணின் கதையோடு ஒட்டியது. நெசவில் தெய்வத்தோடு போட்டி போட்டு, சாபம் வாங்கி, சிலந்தியானவள் அவள். பாவம், நன்றாக நெய்ததுதான் அவள் செய்த தப்பு.

பூச்சிகளோடு நிற்கவில்லை. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்வை மங்கி உட்கார்ந்திருப்போமே, அந்த வகை மருந்துகளில் பழையதான அட்ரோபினின் பெயரில் இருப்பவள், மனித ஆயுளின் நூலைக் கத்தரிக்கிற தேவதை. அந்த மருந்து கிடைக்கும் செடி கொடிய விஷம் என்பதால் அவள் பெயர். கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. அது வடதேசத்து இடி தெய்வத்தின் பெயர். நம் மணல், அவர்கள் சாமி.

வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கதைகளைச் சொல்லுவேன். பிள்ளைகள் விழித்துக்கொண்டு கேட்கும் ஒரே வகுப்பு அதுதான். சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொரு வருஷமும் மனதுக்குள் பொருமுவேன். நமக்கு இல்லாத கதையா? ஒரு கொல்லிப்பாவையாவது அந்தப் பட்டியலில் ஏறட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அதை ஏற்றி வைத்தவள் நானாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். எந்த ஆசை பெரியது என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

புட்டிக்குள் அம்மன்

பூ மழை பெய்தது. ஒன்பதாம் நாள் பாப்பாத்தியின் போன் வந்தது, பூத்துவிட்டது என்று. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போன உற்சாகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். முதல் வருஷம் பிடித்த பெண் சிலந்தியைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன், ஆணோடு ஒப்பிடுவதற்காக. விரல் நீளக் கண்ணாடிப் புட்டி, உள்ளே ஸ்பிரிட், அதில் சிலந்தி. கூடவே பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதம். அதில் வைக்கப்போகும் பெயரைத் தமிழிலும் எழுதியிருந்தேன். பாப்பாத்தி பூரித்துப்போவாள் என்று நினைத்து, புட்டியை அவள் கையில் கொடுத்துப் படித்தும் காட்டினேன்.

அவள் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. இந்தச் சிலந்திதான் காலத்துக்கும் சாட்சி, எத்தனை வருஷம் கழித்து யார் கேட்டாலும் கொல்லிப்பாவை என்றால் இந்தப் புட்டியில் இருப்பதுதான் என்று பெருமையாக விளக்கிக்கொண்டே போனேன்.

அவள் புட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க டீச்சர், செத்ததுக்கு அம்மா பேர எழுதிச் சாராயத்துல போட்டு வெச்சிருக்கறீங்களே” என்றாள்.

அது சாராயம் இல்லை, கெடாமல் இருக்க ஊற்றுவது என்றேன். பெயர் இந்த ஒரு பூச்சிக்கு மட்டும் அல்ல, தோட்டத்தில் உயிரோடு இருக்கிற அத்தனைக்கும் சேர்த்து என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, பாவையை அம்மனாகக் கும்பிடும் அவர்கள் வழக்கத்தைச் சொன்னாள். அவர்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அம்மன் பெயரை வைப்பதென்றால்கூட, பூப் போட்டுக் கேட்டு, அவள் கொடுத்த பிறகுதான் வைப்பார்களாம். கேட்டுக் கிடைக்காமல் வேறு பெயர் வைத்த பிள்ளைகள் ஊரில் நிறைய உண்டாம். அவள் மகளுக்கே கிடைக்கவில்லையாம்.

“கேட்டுப்போட்டு வெய்ங்க. நான் தடுக்கலீங்க” என்றாள்.

சரி, அப்படியானால் உன் பெயரை வைத்துவிடுகிறேன் என்று பாதி விளையாட்டாகச் சொன்னேன். எங்கள் துறையில் அதற்கும் வழி உண்டு. அவள் புட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் இன்னும் சாகவில்லையே என்றாள். அந்தச் சமயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் அண்ணன்தான் பூசாரி. ஒரு சாவுக்குப் போயிருந்ததால் அவர் கோயிலுக்குள் நுழைய ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்றார்கள். பூவின் இரண்டாம் நாள் அப்படியே போயிற்று. தோட்டத்தில் தேடினேன், ஆண் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மன் முன்னால் வந்து உட்கார்ந்தோம்.

இடது பூ

பதினொன்றரை இருக்கும். காற்று இல்லை. ஒரு தேனீ வந்து வலது பூவைச் சுற்றியது. உட்கார், உட்கார் என்று மனதுக்குள் கெஞ்சினேன். முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் ஒரு தேனீயின் எடையை நம்பி உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கும்போது வெட்கமாக இருந்தது. தேனீ போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் இடது பூ நழுவி, துணியில் தங்கி, கீழே விழுந்தது.

பூசாரி கற்பூரத்தைத் தட்டில் வைத்தார். பாப்பாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் எதுவும் விளக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருஷம் காத்திருந்தது, வளைவு வளைவாக ஏறி இறங்கியது, எல்லாம் ஈரம் காய்ந்து நழுவிய ஓர் அரளிப் பூவால் போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கீழே இறங்கி நடந்தேன்.

பாப்பாத்தி பின்னாலேயே வந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். கையில் தீப்பெட்டி. உள்ளே ஒரு காபிப் பூக்கொத்து. அதில் வெள்ளைப் பெண் சிலந்தி ஒன்று, அதன் முதுகில் பழுப்பு நிறத்தில் எள்ளளவு ஆண். நான் முந்தின நாள் முழுவதும் கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு தேடியது.

தீப்பெட்டியைப் பத்திரமாக மூடினேன். அம்மன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்றேன்.

“பேரத்தானுங்க வேண்டான்னா. பூச்சிய வேண்டான்னு சொல்லலையே” என்றாள். “வேற பேரு வெச்சு நல்லபடியா எழுதுங்க.”

மூன்று வாரம்

இனி நான் சொல்லப்போவதற்கு அம்மனும் பொறுப்பில்லை, பாப்பாத்தியும் பொறுப்பில்லை.

ஊருக்கு வந்து நான்கே நாளில் கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். அளவுகள், படங்கள் எல்லாம் தயார். பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. வாழவந்தி என்று ஊர்ப் பெயரை வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. காபியின் பெயரை வைத்திருக்கலாம். வெள்ளை நிறத்தை வைத்திருக்கலாம். ஒன்றும் பிடிக்கவில்லை. எனக்குப் பாவைதான் வேண்டும்.

அறிவியல் சட்டத்தில் அம்மனிடம் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வைத்தால் யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. பாப்பாத்திக்குத் தெரியக்கூட வராது. காலையில் எழுந்து அந்தப் பெயரைத் தட்டுவேன். காபி குடித்துவிட்டு வந்து அழிப்பேன். மத்தியானம் திரும்பத் தட்டுவேன். அனுப்பப் போகும்போது தீப்பெட்டி நினைவுக்கு வரும். எழுந்து மாடிக்கும் கீழுக்கும் நடப்பேன். என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், ஏதாவது ஒன்றை வைத்துத் தொலையேன், பெற்ற மகளுக்குக்கூட நாம் இவ்வளவு யோசிக்கவில்லையே என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. நாலாவது வாரம் மாணவி போன் செய்தாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. வடக்குக் குழுவின் கட்டுரை அச்சாகிவிட்டது. அதே சிலந்தி. வைத்திருக்கும் பெயர் பெர்செபொனி.

பெர்செபொனி ஒரு கிரேக்க தேவதை. வயல்வெளியில் பூப் பறித்துக்கொண்டிருந்த கன்னிப்பெண். பூமி பிளந்து, பாதாளத்து அரசன் வெளியே வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போனான். பூ, பறிகொடுத்தல், பாதாளம். பொருத்தமான பெயர்தான். நானே அந்தக் கட்டுரையைச் சரிபார்த்திருந்தால் பாராட்டியிருப்பேன். அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டு அழுதேன். அறுபது வயதில் ஒரு பூச்சிக்காக அழுகிறேனே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

கேட்க ஆள்

பாப்பாத்தியிடம் சொல்ல வேண்டாமா? பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் அவள்மேல் கோபமும் வந்தது, போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கூச்சமும் வந்தது. காபிச் செடிகளில் பூ உதிர்ந்து பச்சைப் பிஞ்சு பிடித்திருந்தது. அவள் கீழ் வயலில் நடுவதற்காகக் கிழங்குக் குச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். நான் முந்திக்கொள்ளாமல் போனதற்கு என் பிடிவாதம்தான் காரணம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள். முதலில் வருத்தப்பட்டாள். பிறகு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பெர்செபொனியின் கதையைச் சொன்னேன். பூப் பறிக்கப்போன பெண் என்றதும் உச்சுக்கொட்டினாள். அவள் அம்மா தேடினாளா என்று கேட்டாள். ஊரெல்லாம் தேடினாள், அழுதாள், பயிரெல்லாம் பட்டுப்போயிற்று என்றேன்.

“சாமிதானுங்களா அந்தப் பொண்ணு?”

“சாமிதான்.”

“அவங்க ஊர்ல அந்தம்மாகிட்டப் பூப் போட்டுக் கேட்டாங்களாமா?”

நான் சிரித்துவிட்டேன். இதென்ன கேள்வி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தத் தேவதைக்கு இடிந்த தூண்கள்தான் இருக்கின்றன, விளக்கேற்ற ஆள் கிடையாது, கும்பிட்ட ஜனங்கள் அவளை விட்டுப் பல நூறு வருஷம் ஆயிற்று என்றேன்.

பாப்பாத்தி ஒரு குச்சியை எடுத்துக் கணு பார்த்துத் தனியே வைத்தாள்.

“அப்பொ சரீங்க. ஏன் வெச்சீங்கன்னு கேக்க ஆளில்லையே” என்றாள்.

நான் அங்கே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஹெக்டர், அட்லஸ், நூலைக் கத்தரிக்கிறவள், இடி தெய்வம். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, மணியடித்ததும் அழித்திருக்கிறேன். அவற்றில் சில யாரோ ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதுகொண்டு கூப்பிட்ட பெயர்களாக இருந்திருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. கூப்பிடுகிறவர்கள் போன பிறகு அவற்றை எடுத்து எங்கள் புட்டிகளில் ஒட்டிக்கொண்டோம். நம் சாமிகளை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை என்று நான் பொருமியதெல்லாம் என்ன பொருமல் என்று எனக்கே விளங்கவில்லை.

அதற்காக மனம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் பெயரோடு ஒட்டிவர வேண்டிய ஒரே சிலந்தி கைநழுவிவிட்டது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். உங்கள் அம்மன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது பாப்பாத்தி, கொடுத்திருந்தால் அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெட்டிய குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

“கோவிச்சுக்குங்க டீச்சர். கோவிச்சுக்கறதுக்கு எங்களுக்கு இன்னும் இருக்கறாளே.”

நான் இன்னமும் கோபமாகத்தான் இருக்கிறேன்.